கல்லுக்கு வச்ச பேரு

நான் அழுகிற மாதிரி தெரிஞ்சா என் தொடையில ஒரு கிள்ளு கிள்ளிரு தாயி. யோசிக்காத. நகம் பதியக் கிள்ளு. ஆரப்பாளையத்துல ஏறுனதுலருந்து பார்க்கேன், நீ என்னையப் பார்க்கிறதும் ஜன்னல் பக்கம் திரும்புறதுமா இருக்க. இந்தப் பொம்பளை எதுக்கு முந்தானைய வாயில திணிச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சிருப்ப. வாய் வரைக்கும் வந்துருது, அதான் திணிச்சிருக்கேன். எனக்கு அழுகை மத்தவுகளுக்கு வர்ற மாதிரி சும்மா வராது, ராகத்தோட வரும். வந்துச்சுன்னா கண்டக்டர் பஸ்ஸை ஓரங்கட்டிருவாரு.

திருப்பூர்தான் போறேன். எம்மகன் அங்க ஆஸ்பத்திரில கிடக்கான். முந்தாநாள் வேலைக்குப் போகையில லாரிக்காரன் இடிச்சுட்டான். வயித்துக்குள்ள ரத்தம் கட்டிக்கிட்டு நிக்குதாம், இன்னைக்கு ஆபரேசன். நேத்து மருமகதான் போன் போட்டா. மேகலான்னு பேரு, அந்தப் பக்கத்துப் பிள்ளை. "சொல்லாம இருக்கக் கூடாதுன்னு சொல்றேனுங்க அத்தை. ஆனா நீங்க வர வேண்டாமுங்க"ன்னா. பெத்தவளைப் பார்த்து வர வேண்டாமுங்கன்னு சொல்றா பாரு. ஏன்டின்னு கேட்டேன். "நீங்க வந்தா அழுவீங்க. அவரு காதுல அது விழவே கூடாதுங்க"ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

இப்ப நான் அவகிட்டச் சொல்லாமத்தான் போறேன். வார்டு வாசல்ல நின்னு, ஒரு சொட்டு கண்ணீர் விடாம, நல்லா இருக்கியாப்பான்னு கேட்டுட்டு வந்துரணும். அம்புட்டுத்தான். சாத்தூர்லருந்து அதைத்தான் பழகிக்கிட்டே வர்றேன். இன்னும் ஒருக்காகூட நல்லா வரல.

அம்மான்னா அழத்தான செய்வாகங்கிற. மத்த அம்மா அழுதா அது அழுகை. நான் அழுதா அது ஒப்பாரி. எங்க பக்கம் வந்து வெள்ளத்தாய்னு கேட்டுப் பாரு, சுத்தி இருபது ஊருக்கு நான்தான். நான் போய் உக்காந்தாத்தான் அது எழவு வீடு மாதிரி இருக்கும். மாமியா போய்த் தொலைஞ்சான்னு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டு நின்ன மருமக்கமாரை எல்லாம் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழ வச்சிருக்கேன். பெத்த அப்பன்கிட்ட இருபது வருசம் பேசாதவன், நான் ரெண்டு வரி எடுத்ததும் தலைமாட்டுல வந்து விழுந்தான். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இருக்கட்டும்.

அந்தப் பேரைக் கேட்டுத்தான் ஞானசௌந்தரி டீச்சர் என்னையத் தேடி வந்தாக. ரிட்டயர்டு ஆகி சும்மா இருக்க முடியாம, ஊருக்கு மேற்க கிடந்த பழைய பஞ்சுக் குடோனைச் சுத்தம் பண்ணி, நாட்டுப்புற இசைப் பள்ளின்னு போர்டு மாட்டியிருந்தாக. சனி ஞாயிறு வகுப்பு. முன்வாசல்ல தப்பு அடிப்பாக. நடுக்கூடத்துல கும்மி, கோலாட்டம். ஒரு ஓரமா வில்லுப்பாட்டு. மத்தியானம் எல்லாருக்கும் ஒரே பானையில சாம்பார் சோறு, வாத்தியாரு படிக்கிறவுகன்னு வித்தியாசம் கிடையாது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளைக பூராம் அங்க வந்துருவாக. வாரம் பூரா குனிஞ்சு கிடந்த முதுகு அங்கதான் நிமிரும். எனக்குக் குடோனுக்குப் பின்னால, கடைசி அறை. ஒப்பாரின்னா அப்பிடித்தான், பின்னாலதான வைப்பாக.

அதுலயும் ஊருக்குள்ள சண்டை. ஒரு தடவை பொண்ணு பார்க்க வந்தவுக, தெருவுல கார் நிக்கவும் என் வகுப்புச் சத்தம் கேக்கவும், சாவு ஊருக்குள்ள வந்துட்டோம்னு அப்பிடியே வண்டியத் திருப்பிட்டாக. பொண்ணு வீட்டுக்காரரு அருவாளோட வந்துட்டாரு. அதுலருந்து டீக்கடையில ஒரு சிலேட்டு தொங்கவிட்டோம். இன்று ஒப்பாரி உண்டு, இன்று ஒப்பாரி இல்லை. ஊருல நல்ல காரியம் இருக்கவுக முதநாளே டீக்கடையில சொல்லிரணும், அன்னைக்கு நான் வாயைத் திறக்க மாட்டேன். பாலு குடிக்க வந்த சின்னப் பிள்ளைககூட, "வெள்ளத்தாயி அத்தை, இன்னைக்கு உண்டா இல்லையா"ன்னு கேக்கும்.

நீ சிரிக்கிற. சிரி. நானும் சிரிச்சவதான்.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேளு, இதுலதான் எல்லாம் இருக்கு. ஒப்பாரிக்குப் பேரு வேணும். யாருக்கு அழுகிறோம்னு ஒரு பேரு இல்லாம வெறும் ராகத்தை வச்சிக்கிட்டு அழ முடியாது. வகுப்புல யாரு பேரை வைக்கிறது? செத்தவுக பேரை வச்சா அவுக வீட்டு ஆளுக சண்டைக்கு வருவாக. உசுரோட இருக்கவுக பேரை வைக்கவே கூடாது. எங்க தொழில்ல இருக்கிறது அந்த ஒரே சட்டம்தான். அதனால நான் ஒரு வழி பண்ணேன். உடைஞ்ச ஆட்டுரலோட குழவிக்கல்லை எடுத்து, பழைய வேட்டியச் சுத்தி, நடுவுல பாய் விரிச்சுப் படுக்க வச்சேன். அதுக்குப் பூலோகராசான்னு பேரு வச்சேன். அதைச் சுத்தி உக்காந்து, தோளோட தோள் சேர்த்து, அதுக்குத்தான் அழுகணும். பாட்டு முடிஞ்சதும் வேட்டிய அவுத்து, கல்லைக் குளிப்பாட்டி, வெயில்ல நிமித்தி வச்சிட்டுத்தான் எல்லாரும் சோத்துக்குப் போகணும். குளிப்பாட்டிட்டா எழவு முடிஞ்சது, அது மறுபடி வெறுங்கல்லு.

ரெண்டாவது வருசம் தப்பு கத்துக்குடுக்க ராஜபாளையத்துப் பக்கம் இருந்து ஒருத்தரு வந்தாரு. பையைக் கீழ வைக்கல, பின்னால இருந்து பதினாறு பொம்பளைக, "போயிட்டியே என் பூலோகராசா"ன்னு கதறுறாக. மனுசன் முகம் வெளுத்துப் போச்சு. அவரு பேரு பூலோகராசன். டீச்சர் எம்புட்டோ சொல்லிப் பார்த்தாக, டீகூடக் குடிக்காம அடுத்த பஸ்ஸுல ஏறிட்டாரு. அதுக்கப்புறம் கல்லுக்கு வைரக்கிரீடம்னு பேரு மாத்துனோம். அந்தப் பேருல எவனும் பொறந்திருக்க மாட்டான்னு ஒரு தைரியம்.

என் வகுப்புல பவுனுன்னு ஒருத்தி. முப்பது வயசு இருக்கும். புருசன் விட்டுட்டுப் போனதால அப்பன் வீட்டுல இருக்கா. அந்த அப்பன் சோலையப்பன் பெரிய குடிகாரன், கையில கிடைச்சதை எடுத்து அடிப்பான். அவளுக்கு நல்ல குரல்தான். என் குரல் மாதிரின்னு டீச்சர் சொல்வாக. நான் ஒத்துக்கிட மாட்டேன். போன ஐப்பசில ஒரு சனிக்கிழமை, எல்லாரும் வைரக்கிரீடத்துக்கு அழுதுக்கிட்டு இருக்கையில, இவ கல்லோட பேரை விட்டுட்டு அப்பன் பேரை எடுத்துட்டா. தேள் கொட்டுனப்ப முதுகுல தூக்கிக்கிட்டு மூணு மைல் ஓடுனதைச் சொல்றா. தீபாவளிக்கு வளையல் வாங்கிட்டு வந்து தூங்குற பிள்ளை கையில போட்டுவிட்டதைச் சொல்றா. பதினாறு பேரும் தேம்புறாக. கும்மி வகுப்பு நின்னு போச்சு. எனக்கே கண்ணு நிறைஞ்சுபோச்சு, பொய் சொல்லக் கூடாது.

எந்திரிச்சுப் போய் ஒரு அறை விட்டேன்.

சட்டம்னா சட்டம்தான? உசுரோட இருக்கவன் பேரை ஒப்பாரில வைக்கிறதா? அவ கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு, "அவரு குடிக்காம இருந்த காலத்துக்கு அழுதேன் அத்தை. அந்த மனுசன் போய் ரொம்ப நாளாச்சு"ன்னா. எதிர்த்துப் பேசுறாளேன்னு இன்னொண்ணு விட்டேன். இனிமே என் வகுப்புப் பக்கம் வரக் கூடாதுன்னுட்டேன். டீச்சர் மூணு வாரம் எங்கிட்ட மன்றாடுனாக. நான் அசையல. பவுனு அதுக்கப்புறம் பள்ளிக்கே வரல. கும்மிக்கும் வரல.

சரியாத்தான செஞ்சேன்? நீ சொல்லு.

எம்மகனைப் பத்திக் கேட்டியே. காளீஸ்வரன். நான் காளீசுன்னு கூப்பிடுவேன். ஒத்தைப் பிள்ளை. அவனுக்கு ஒன்பது வயசு இருக்கையில அவுகப்பா தவறிட்டாரு. மூணு நாள் பாடுனேன் தாயி. சுத்துப்பட்டு பூரா வந்து நின்னு கேட்டுச்சு, இன்னைக்கும் அதைப் பேசுவாக. அந்த மூணு நாளும் பய எங்க இருந்தான், என்ன சாப்பிட்டான்னு எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுல யாராவது குடுத்திருப்பாக. குடுக்காமலா இருப்பாக.

அப்புறம் நான்தான் வளர்த்தேன். ஒரு கொறை வைக்கல. ஆனா அவனுக்கு வாய் ஜாஸ்தி. பத்தாவது படிக்கையில காய்ச்சல்ல கிடந்தான். அன்னைக்குப் பார்த்துப் பெரிய வீட்டுல ஒரு எழவு. என்னையத் தேடிக் காரே வந்திருக்கு. போகாம இருக்க முடியுமா? நான் சேலை மாத்திக்கிட்டு நிக்கேன், இவன் பாயில கிடந்துக்கிட்டு, "நான் செத்தாத்தான் எங்கிட்ட வந்து உக்காருவபோல"ங்கிறான். பதினஞ்சு வயசுல என்ன பேச்சு பாரு. நான் சிரிச்சிக்கிட்டே போயிட்டேன். அங்க போயும் சொல்லிச் சிரிச்சேன்.

திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரா இருக்கான். கல்யாணம் ஆகி நாலு வருசம் ஆச்சு. இந்தப் பக்கம் ரெண்டு தடவைதான் வந்தான். வந்தாலும் ஒரு நாள் தங்க மாட்டான். நான் என்ன பாவம் செஞ்சேன்னு எனக்குத் தெரியல. போன் போட்டா ரெண்டு வார்த்தை. "ம்"ம்பான், "சரிம்மா"ம்பான். எனக்கும் என்ன பேசன்னு தெரியாது. மழை பெய்யுதான்னு கேப்பேன். அங்க மழை பெஞ்சா எனக்கு என்ன, பெய்யாட்டி எனக்கு என்ன. ஆனாலும் அதைத்தான் கேப்பேன்.

இந்தத் தை மாசம் பள்ளில ஆண்டு விழா. பொங்கல் முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை. பொங்கலுக்கு வாடான்னு மூணு தடவை போன் போட்டேன், எடுக்கல. விழா அன்னைக்குக் காலையிலயும் போட்டேன், எடுக்கல. மெட்ராசுலருந்து கேமராவோட நாலு பிள்ளைக வந்திருந்தாக. தப்பு, கும்மி எல்லாத்தையும் எடுத்துட்டு, கடைசியா ஒப்பாரி வேணும்னாக. சிலேட்டுல உண்டுன்னு எழுதிப் போட்டுட்டு உக்காந்தேன். வைரக்கிரீடத்தைப் படுக்க வச்சேன். எடுத்தேன், வரல. தண்ணி குடிச்சிட்டு மறுபடி எடுத்தேன், வரல. மூணாவது தடவையும் வறண்டு போய் நிக்குது. கூட உக்காந்த பொம்பளைக என் முகத்தையே பார்க்காக. கேமராக்காரப் பிள்ளை கேமராவை இறக்கிட்டான். டீச்சர் எங்கிட்ட வந்து குனிஞ்சு, "என்ன வெள்ளத்தாயி, உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டாக.

அப்ப வாயில தானா வந்துருச்சு தாயி. காளீஸ்வரான்னு.

அதுக்கப்புறம் என்னைய நிறுத்த ஆளில்லை. அவனுக்கு இடது கால் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும், அதைப் பாட்டுல வச்சேன். முருங்கைக்காய் கிடந்தா தட்டோட ஓரத்துல வரிசையா அடுக்குவான், அதை வச்சேன். அப்பன் செத்தப்ப அப்பனோட செருப்பைப் போட்டுக்கிட்டு வாசல்ல நடந்தான், அதைக்கூட வச்சேன். எப்பப் பார்த்தேன்னே தெரியல, ஆனா பார்த்திருக்கேன். காய்ச்சல்ல கிடந்தப்ப அவன் நெத்தி எப்பிடிச் சுட்டுச்சுன்னு வச்சேன். நாப்பது நிமிசம். கேமராக்காரப் பிள்ளை அழுகிறான், சாம்பார் கிண்டிக்கிட்டு இருந்த ஆளு கரண்டியோட வந்து நின்னு அழுகிறாரு. என் ஆயுசுல அப்பிடி வந்ததில்லை. இப்ப நெனச்சாலும் ஒரு இடம்கூடத் தட்டலை.

முடிஞ்சதும் அப்பிடியே என்னைய மேடைக்குக் கூட்டிட்டுப் போய் சால்வை போட்டாக. அந்தச் சந்தோசத்துல கல்லைக் குளிப்பாட்ட மறந்துட்டேன்.

அந்தப் பிள்ளைக அதை நெட்டுல போட்டுட்டாக. நாலு லட்சம் பேரு பார்த்தாகளாம். போட்டது சரி. கீழ என்ன எழுதிட்டாகன்னா, மகனைப் பறிகொடுத்த தாயின் கதறல்னு எழுதிட்டாக. அதுகளுக்கு எங்க சட்டம் என்ன தெரியும், உசுரோட இருக்கவனுக்கு ஒருத்தி இப்பிடி அழுவான்னு அதுக எப்பிடி நெனைக்கும். டீச்சர் மறுநாளே போன் போட்டு மாத்தச் சொன்னாக. அதுக்குள்ள அது திருப்பூருக்குப் போயிருச்சு. கம்பெனிக்கு அன்னைக்கு இவன் லீவு. கூட வேலை பார்க்கிறவுக நாலு பேரு மாலை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாக. கதவைத் திறந்தது காளீசு. மேகலா எட்டிப் பார்த்துட்டு, மாலையப் பார்த்து, அப்பிடியே மயங்கி விழுந்துட்டாளாம்.

மத்தியானம் அவனே போன் போட்டான். நாலு வருசத்துல அவனா போட்ட முத போன் அதுதான். "பாட்டு முழுசாக் கேட்டேம்மா"ன்னான். "ம்"ன்னேன். "என் சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும்னு உனக்குத் தெரியுமாம்மா"ன்னான். "பெத்தவளுக்குத் தெரியாதாடா"ன்னேன். அப்புறம், "நல்லா இருந்துச்சும்மா. உசுரோட இருக்கையிலேயே கேட்டுட்டேன்"ன்னு சொல்லிட்டு வச்சிட்டான். பாராட்டிட்டான்னுதான் நான் டீச்சர்கிட்டப் போய்ச் சொன்னேன். டீச்சர் என்னைய ஒரு மாதிரியாப் பார்த்தாக. அதுக்கப்புறம் ரெண்டு மாசமா எத்தனை தடவை போட்டாலும் அவன் எடுக்கல. வேலை ஜாஸ்தியா இருக்கும்னு நெனச்சிக்கிட்டேன்.

நேத்து மேகலா போனை வச்சதும் நான் எங்க ஓடுனேன் தெரியுமா? பள்ளிக்கு. வேற எங்க ஓட எனக்கு? விழாவுக்கு அப்புறம் நான் வகுப்பே எடுக்கல, கல்லு வேட்டியோட அப்பிடியே கிடக்கு. தூக்கியாந்து தொட்டிகிட்டப் போட்டு ஊத்துறேன், ஊத்துறேன், குடங்குடமா ஊத்துறேன். தொட்டி காலியாயிருச்சு. தப்பு வாசிச்சிக்கிட்டு இருந்தவுக எல்லாம் நிறுத்திட்டாக. டீச்சர் வந்து என் கையைப் பிடிச்சு, "வெள்ளத்தாயி, அது கல்லும்மா, காஞ்சிரும், விடு"ன்னாக. பொய்யா எழவு சொன்னா ஆயுசு கூடும்னு சொல்வாகல்ல டீச்சர்னு கேட்டேன். சொல்வாகன்னாக. அப்ப இவனுக்கும் கூடும்ல டீச்சர்னு கேட்டேன். டீச்சர் நாப்பது வருசம் அறிவியல் நடத்துனவுக. கூடும்மான்னு சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாக.

இன்னைக்குக் காலையில பஸ்ஸுக்கு வர்ற வழியில ஒரு காரியம் பண்ணேன். சொன்னா என்னையப் பைத்தியக்காரின்னு நெனப்ப. பவுனு வீட்டுக்குப் போனேன். அவளைப் பார்க்க இல்லை, அவுகப்பனைப் பார்க்க. அவ அந்த ஆளுக்கு ஒப்பாரி வச்சு அஞ்சு மாசம் ஆச்சுல்ல. அவன் உசுரோட இருக்கானான்னு என் கண்ணால பார்க்கணும்னு போனேன். இருக்கான். ஆட்டுக்கு அகத்திக்கீரை ஒடிச்சுப் போட்டுக்கிட்டு நின்னான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் யாரைக் கும்பிடுறேன்னு பின்னால திரும்பிப் பார்த்தான். பவுனு வெளிய வந்து, "எங்கப்பாவையா பார்க்க வந்தீக"ன்னா. "நல்லா இருக்காராத்தா"ன்னேன். "நேத்தும் குடிச்சிட்டு வந்து மண்டைய உடைச்சாரு. நல்லாத்தான் இருக்காரு அத்தை"ன்னா. நெத்தில துணி கட்டியிருந்தா, அதை அப்பத்தான் பார்த்தேன். காப்பி குடுத்தா. காளீசு அடிபட்ட சேதி அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை குத்திக் காட்டல. அந்த அறைக்கு என்னைய மன்னிச்சிருத்தான்னு சொல்லலாம்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு.

என்ன ஊரு இது? தாராபுரமா. இன்னும் ஒரு மணி நேரமா.

எனக்குப் பயமா இருக்கு தாயி. எத்தனை பொணத்தைப் பார்த்திருக்கேன், ஒருக்காகூடப் பயந்ததில்லை. இப்ப உள்ளங்கை எல்லாம் வேர்க்குது. இந்தா, தொட்டுப் பாரு.

ஒண்ணு சொல்றேன். டீச்சர்கிட்டகூடச் சொல்லல. அந்தப் பேரு தானா வந்துச்சுன்னு சொன்னேன்ல. தானா வரல. அன்னைக்குக் காலையில அவன் போனை எடுக்காதப்பயே முடிவு பண்ணிட்டேன். எல்லாப் பயலுகளையும் அழ வைக்கேன், பெத்த பிள்ளை ஒருத்தன் மட்டும் என் குரலுக்கு அசைய மாட்டேங்கிறானேன்னு ஒரு ஆங்காரம். இதைக் கேட்டாவது அழட்டும், அழுதுக்கிட்டே பஸ் ஏறி வரட்டும்னு நெனச்சேன். அவன் சாகணும்னு நெனக்கல. அதை எந்தத் தாயும் நெனக்க மாட்டா. அவன் வரணும்னுதான் நெனச்சேன். வர வைக்கிறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு.

கிள்ளு. கிள்ளுன்னு சொன்னேன்ல. ம். போதும். போயிருச்சு.

இரு, போன் அடிக்குது. பையில இருக்கு, அந்த மஞ்சப் பையில. யாருன்னு பாரு. மேகலாவா? ஏன் போடுறா? ஆபரேசன் மூணு மணிக்குன்னுல்ல சொன்னா. இப்ப ஏன் போடுறா? நீ அந்தப் பச்சையை அமுக்கிக் குடு தாயி.

ஆமா, நான்தான். பஸ்ஸுலதான் இருக்கேன். கோவிச்சுக்காத மேகலா, நான் அழல. பக்கத்துல ஒரு பிள்ளை இருக்கா, வேணும்னா கேட்டுப் பாரு. வாசல்லயே நின்னுக்கிறேன், உள்ள வரல. என்ன? சத்தமாச் சொல்லு. எப்ப? இப்பவேயா? அவனா கேட்டான்?

ஆபரேசனுக்கு இப்பவே கூட்டிட்டுப் போறாகளாம் தாயி. ஸ்ட்ரெச்சர் வந்து நிக்குதாம். அதுக்கு முன்னால அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னு அவன்தான் கேட்டானாம். போனை அவன் காதுல வைக்கிறாளாம். கண்ணு முழிச்சிருக்கானாம்.

வந்துட்டான். அம்மாங்கிறான். கேக்குதா உனக்கு? மூச்சு வாங்குது அவனுக்கு.

பேசும்மாங்கிறான்.

என்னத்தைப் பேச? ராசான்னு கூப்பிட வாயெடுத்தேன், அது நான் பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்ததும் எடுக்கிற முத வார்த்தை. தங்கமேன்னா அது ரெண்டாவது வரி. சாமி, கண்ணு, செல்லம், எதைத் தொட்டாலும் எவனோ ஒருத்தன் செத்துக் கிடக்கையில சொன்னதா இருக்கு. எங்கிட்ட உசுரோட இருக்கவனுக்குன்னு ஒரு சொல்லுகூட மிச்சம் இல்லை தாயி. மழை பெய்யுதான்னா கேக்க?

இன்னும் லைன்லதான் இருக்கான். மறுபடியும் பேசும்மாங்கிறான்.

நீ பேசு. இந்தா, பிடி. உங்கம்மா பக்கத்துல இருக்கா, வந்துக்கிட்டு இருக்கான்னு சொல்லு. அவன் பேரைச் சொல்லு, காளீஸ்வரன். என் வாயால வேணாம், நான் அதைக் கல்லுக்கு வச்சிட்டேன். நீ ராகம் போடாம, இழுக்காம, வீட்டுல உசுரோட இருக்கவுகளை எப்பிடிக் கூப்பிடுவியோ, அப்பிடி ஒருக்கா அவனைக் கூப்பிடு.